மேம்பால இறக்கத்தில்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதே இல்லை. திரைச்சீலை தைப்பதும், சோபாவுக்கு உறை போடுவதும்தான் அவள் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் திரைக்காரி. அவள் தைப்பாள், கணவர் அவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வீடுகளில் கம்பி அடித்து மாட்டிவிட்டு வருவார். இருபது வருடமாக அப்படியே நடந்தது. கோடைக்கு முன்னால் ஒரு வீட்டில் ஏணி சறுக்கி அவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். வேன் வாசலில் தூசி பிடித்து நின்றது. தைத்த திரைகளுக்குக் கால் முளைக்காதே. அவள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள்.

அங்கே அவளுக்கு வாய்த்தவர் பிரேக் மாஸ்டர். ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பதுபோலவே அவர் பக்கமும் ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. அந்த பிரேக்கின்மேல் எந்நேரமும் அவர் கால் தயாராக இருக்கும் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான மனிதர், வாய் மட்டும் ஓயாது. சிக்னலில் நிற்கும்போதுகூடப் பக்கத்து வண்டிக்காரன் எப்படித் தப்பாக நிற்கிறான் என்று விளக்கிக்கொண்டிருப்பார். அவள் கியர் மாற்றும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால், "பாவம் மேடம், அதுக்கும் வலிக்கும்" என்பார். பள்ளியை நடத்துபவர் அவருடைய அக்கா. தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்.

அன்று காலை அவர் அவ்வளவாகப் பேசவில்லை. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைத்தெரு, பேருந்து நிலையம் எல்லாம் தாண்டி, முதல்முறையாக மேம்பாலத்தில் ஏறச் சொன்னார். ஏற்றத்தில் வண்டி அணையாமல் போனதே அவளுக்குப் பெரிய வெற்றி. உச்சிக்கு வந்ததும் மூச்சு விட்டாள்.

"இறக்கத்துல வேகம் தானா வரும். விட்டுடாதீங்க. கண்ணாடியப் பாருங்க" என்றார் மாஸ்டர்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு லாரி சற்றுத் தள்ளி வந்துகொண்டிருந்தது.

"கண்ணாடி" என்றார் அவர் மறுபடியும். "பாத்துட்டேன் மாஸ்டர்" என்றாள். அவர் மீண்டும் "கண்ணாடி" என்றார். குரலில் உயிரே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே போனது, யாரோ தாடையைப் பிடித்துத் திருப்புவதுபோல. அடுத்து அவர் தொண்டையிலிருந்து ஒரு ஓலம் வந்தது. மனிதக் குரல் என்றே சொல்ல முடியாத சத்தம்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் நடந்தது. அவர் உடம்பு கட்டைபோல விறைத்தது. விறைத்து நீண்ட கால்களில் ஒன்று அவர் பக்கத்துக் கிளட்சை அடிவரை அழுத்தியது. வண்டி எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு, இறக்கத்தில் தன்பாட்டுக்கு உருளத் தொடங்கியது. அவர் கை நீண்டு வந்து ஸ்டியரிங்கைப் பற்றி அப்படியே பூட்டிக்கொண்டது. கார் பாலத்தின் கைப்பிடிச் சுவரை நோக்கித் திரும்பியது.

அவர் விளையாடுகிறாரா என்று ஒரு கணம் நினைத்தாள். முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. பிரேக்கை மிதித்தாள். ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தாள். இரும்புக் கொக்கியோடு மல்லுக்கட்டுவதுபோல இருந்தது. இன்னொரு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சுவரில் கார் உரசும் சத்தம் நீளமாகக் கேட்டது. கண்ணாடி ஒன்று தெறித்து விழுந்தது. வண்டி சுவரைவிட்டுச் சற்று விலகி, ஒரு குலுக்கலோடு நின்றது.

பின்னால் லாரியும் கிறீச்சிட்டு நின்றது. அதன் பின்னால் ஹாரன்கள் எழுந்தன. மாஸ்டரின் விறைப்பு தளர்ந்து, அதைவிடக் கொடுமையான ஒன்று தொடங்கியது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி உதறியது. தலை ஜன்னல் கண்ணாடியில் டக் டக்கென்று மோதியது. முழங்கால்கள் முன்பலகையில் இடித்தன. வாயோரம் நுரை கட்டியது.

 அந்த டக் டக் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. பின்னிருக்கையில் அவளுடைய பை கிடந்தது. வகுப்பு முடிந்ததும் ஒரு வீட்டில் காட்டுவதற்காக வெல்வெட் துணி மாதிரிகளைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தாள். அந்தக் கட்டை எடுத்து அவர் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகினாள். சத்தம் நின்றது. அப்போதுதான் அவளுக்கு யோசிக்க முடிந்தது. போனை எடுத்து அவசர எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

ஒரு பெண் குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல். எங்கே, என்ன, யார் என்று கேட்டது. திரைக்காரி இடத்தைச் சொன்னாள், பாலத்தில் எந்தப் பக்கம் இறங்கும் வழி என்பதையும் சொன்னாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"இப்பவும் உதறிட்டிருக்காரா?"

"ஆமா. பல்லக் கடிச்சிட்டிருக்காரு. முகம் ஒரு மாதிரி நீலமா ஆவுது."

"சரி. வண்டியில மணி தெரியுதா? இப்ப என்னன்னு பாத்து மனசுல வச்சுக்கோங்க. அவர அமுக்கிப் பிடிக்காதீங்க. வாயில எதையும் வைக்காதீங்க. அது தானாத்தான் நிக்கணும். நம்ம வேலை, அதுவரைக்கும் அவருக்கு அடிபடாம பாத்துக்கறது."

சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதைவிடக் கஷ்டமான வேலை அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. குரல் சொன்னபடி எஞ்சினை அணைத்தாள். நாலு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போட்டாள். அவர் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்த சீட் பெல்ட்டின் மேல்வாரைத் தோளுக்கு வெளியே தள்ளினாள். சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். முழங்கால் இடிக்காமல் இருக்க, இருக்கைக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கி, இருக்கையை அவரோடு சேர்த்துப் பின்னுக்குத் தள்ளினாள்.

அதற்குள் அவர் பக்கத்துக் கதவு திறந்தது. சுவருக்கும் காருக்கும் இடையே இருந்த கொஞ்ச இடத்தில் லாரி ஓட்டுநர் நுழைந்து நின்றார். வாட்டசாட்டமான ஆள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் ஒரு ஸ்பேனர்.

"வலிப்பும்மா இது. பல்லுக்கு நடுவுல எதையாவது குடுக்கணும். இல்லேன்னா நாக்கு துண்டாயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரின் பிடியை மாஸ்டரின் வாயருகே கொண்டுவந்தார்.

"வேணாம்ணே."

"உங்களுக்குத் தெரியாது. எங்க ஊர்ல நான் பாத்திருக்கேன்."

அவள் தன் முன்கையை மாஸ்டரின் முகத்துக்குக் குறுக்கே நீட்டினாள். இதுவரை அறிமுகமே இல்லாத அவ்வளவு பெரிய ஆளைத் தடுக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. மடியிலிருந்து போன் பேசியது. வாயில் இரும்பை வைத்தால் பல் உடைந்து தொண்டையில் போய் அடைக்கும், தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும் என்று நிதானமாகச் சொன்னது. லாரிக்காரர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் கெட்டது செய்ய வரவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. 

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?" என்றார்.

"பின்னால வர்ற வண்டியெல்லாம் நிறுத்துங்கண்ணே. ஆம்புலன்ஸ் வர வழி வேணும்."

லாரிக்காரர் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் லாரி உறுமுவதும், அது பாலத்தின் குறுக்கே சாய்வாகத் திரும்பி நிற்பதும் மிச்சமிருந்த கண்ணாடியில் தெரிந்தது. ஹாரன்களை மீறி அவர் யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது.

உதறல் மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியாகத் தோள் ஒருமுறை துள்ளி, அடங்கியது. அந்த அமைதி அவளை இன்னும் பயமுறுத்தியது.

"நின்னுடுச்சு. செத்துட்டாரா?" என்று கேட்டாள்.

"நெஞ்சப் பாருங்க. ஏறி இறங்குதா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.  பிறகு குறட்டைபோலக் கரகரவென்று ஒரு மூச்சு உள்ளே போயிற்று. இன்னொன்று. அவள் அதைச் சொன்னாள். இருக்கையைச் சாய்த்து, அவரை ஒருபக்கமாகத் திருப்பி, எச்சில் வெளியே வழியும்படி முகத்தைக் கீழ்நோக்கி வைக்கச் சொன்னது குரல். அந்த ஒல்லி உடம்பு பிணம்போலக் கனத்தது. தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, சோபாவைப் புரட்டுவதுபோல இழுத்தாள். வெல்வெட் கட்டு நனைந்து அவர் கன்னத்துக்கு அடியில் கிடந்தது. உதட்டின் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் "ம்" சொல்லச் சொன்னது குரல். அவள் சொன்னாள். கதை கேட்கும் குழந்தைபோல "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிட்டும் பார்த்தாள். பாதி திறந்திருந்த கண்ணில் அவளை அடையாளம் காணும் எதுவும் இல்லை.

பிறகு அவர் விரல்கள் துடித்தன. விழிப்பு வருகிறது என்று நினைத்து அவள் முகம் மலர்ந்தது. விரலிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து தோளுக்கு அந்தத் துடிப்பு ஏறியது. மறுபடியும் விறைப்பு. மறுபடியும் உதறல்.

அவள் அதைச் சொன்னதும் போனின் மறுமுனையில், பின்னால் யாரிடமோ அந்தப் பெண் வேகமாக ஏதோ சொல்வது கேட்டது. திரும்பி வந்த குரல் அதே நிதானத்தில்தான் இருந்தது. ஆனாலும் அது நிதானமாக இருக்கப் பாடுபடுகிறது என்று திரைக்காரிக்குப் புரிந்துவிட்டது.

"நினைவு வராமலே ரெண்டாவது தடவ வருதும்மா. இதுக்கு மருந்து குடுத்தாத்தான் நிக்கும். வண்டி பாலத்துக்குக் கீழ வந்துடுச்சு. நீங்க பண்ணதயே பண்ணுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்."

பாலத்துக்குக் கீழே வந்துவிட்டது என்றால் சைரன் கேட்க வேண்டும். கேட்டது. ஆனால் நெருங்கவில்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டு அழுதது. பாலத்தின் ஏற்றம் முழுக்க வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவளால் இறங்கிப் போக முடியாது. ஒரு உள்ளங்கை அவர் தலைக்கு அடியில் இருந்தது. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய அவள் தோள் எரிந்தது. அவருக்கு அம்மா இருக்கிறாளா என்று திடீரென்று யோசித்தாள். இத்தனை வாரம் பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்டதில்லை. அவர்தான் பேசிக்கொண்டே இருப்பார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கண்ணாடியில் லாரிக்காரர் தெரிந்தார். ஒவ்வொரு காராகக் கூரையில் தட்டி, ஒதுங்கு ஒதுங்கு என்று கையைக் காட்டி, நகர மறுத்த ஒருவரின் ஜன்னலுக்குள் தலையை விட்டு ஏதோ சொல்லி, கூட்டத்தை நடுவே பிளந்துகொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் பெட்டியும் ஸ்ட்ரெச்சருமாக ஓடிவந்தார்கள். ஆம்புலன்ஸைக் கீழேயே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் மாஸ்டரின் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு மருந்தைச் செலுத்தினார். மற்றவர் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினார். எப்போது தொடங்கியது, நடுவில் எவ்வளவு நேரம் ஓய்ந்தது என்று அவளிடம் கேட்டார்கள். அவள் மனதில் வைத்திருந்த மணியைச் சொன்னாள். மருந்து வேலை செய்யும் வரை மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதறல் ஒரு சுற்றுக் குறைந்தது. இன்னொரு சுற்று. நின்றது.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அவள் காரைவிட்டு இறங்கினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். லாரிக்காரர் அவளைத் தன் வண்டிப் படியில் உட்காரவைத்து, அந்தத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இப்பக் குடிக்கலாம்ல? போன்ல இருக்கறவங்களக் கேக்கணுமா?" என்றார்.

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஆஸ்பத்திரியில் மாஸ்டரின் அக்கா அவளுக்கு முன்பே வந்திருந்தார். பள்ளி அலுவலகத்தில் எப்போதும் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள், செருப்பு மாற்றிப் போட்டிருந்ததைக்கூடக் கவனிக்காமல் நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். திரைக்காரியைக் கண்டதும் ஓடிவந்து கைகளைப் பற்றிக்கொண்டார். உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது என்றார். உடனே குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர் உங்களக் கேப்பாங்க. காலைல சாப்பிடாம வந்துட்டான், வெயில்ல மயங்கி விழுந்துட்டான்னு சொல்லிடுங்க. சின்ன மயக்கம்தானே?"

 மயக்கமா என்று திரைக்காரி யோசிக்கக்கூட இல்லை. இது அக்காவுக்குப் புதிதல்ல என்பதுதான் அவளுக்கு உறைத்தது.

உள்ளே மாஸ்டர் கண் திறந்து படுத்திருந்தார். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்திருந்தது, காலையில் நடந்தது எதுவும் தெரியவில்லை. இளம் டாக்டர் ஒருத்தி அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் இருந்தது யார், என்ன பார்த்தீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றாள். அக்காவின் விரல்கள் திரைக்காரியின் முழங்கையில் அழுந்தின. மாஸ்டரும் அவளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. இத்தனை நாளும் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்த வாய், சத்தமில்லாமல் "வேணாம் மேடம்" என்று அசைந்தது.

இந்த வேலை போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கணவர் படுக்கையில் கிடக்கும் வீட்டிலிருந்து வருபவள் அவள்.

சொன்னாள். ஒரே வார்த்தை மூன்றுமுறை வந்ததையும், முகம் திரும்பியதையும், ஓலத்தையும், விறைப்பையும், கை பூட்டிக்கொண்டதையும், நின்றதையும், மறுபடி வந்ததையும் வரிசையாகச் சொன்னாள். ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் இருக்கையில் அவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.  மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முன்னாடி வந்திருக்கா? மாத்திரை ஏதாவது போடறாரா?" என்று டாக்டர் அக்காவைக் கேட்டாள்.

அக்கா திரைக்காரியின் முழங்கையை விட்டார். "இருக்கு. இப்பல்லாம் தூக்கத்துல மட்டும்தான் வரும். மாத்திரை போட்டா காலைல அசதியா இருக்கு, கிளாஸ் எடுக்க முடியலேன்னு விட்டுடுவான்" என்றார்.

நடைவழிக்கு வந்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே. எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க" என்றார்.

"அடுத்த கிளாஸ் யாருக்கு இருந்துச்சு?" என்று கேட்டாள் திரைக்காரி.

 மத்தியான வகுப்புக்கு ஒரு கல்லூரிப் பெண் வருவாள். இருவருக்குமே அவளைத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, முதலில் அவர் கேட்டது கார் ரொம்பத் தேய்ந்துவிட்டதா என்பதுதான். முழுக்கதையையும் கேட்ட பிறகு, வலிக்கும் இடுப்போடு எழுந்து உட்கார்ந்து, அவள் தோளில் தைலம் தேய்த்துவிட்டார். ஓட்டப் படித்தது போதும் என்றார். வேனை யார் ஓட்டுவது என்று அவள் கேட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மாஸ்டரை இனி வண்டிப்பக்கமே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், வலிப்பே இல்லாமல் நீண்ட காலம் போனால்தான் மறுபடி யோசிக்கலாம் என்றதாகவும் பள்ளியில் பேசிக்கொண்டார்கள். அக்கா அவளுக்கு வேறொருவரை ஏற்பாடு செய்தார். சந்தித்தால் வணக்கம் சொல்வதோடு சரி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் மாஸ்டர் அவளுடைய தையல் அறைக்கு வந்தார். முகம் சற்று ஊதியிருந்தது. மாத்திரையின் வேலை என்றார். பள்ளியில் சாலை விதிகள் பாடம் எடுப்பதாகவும், பலகைக்கு முன்னால் நின்று பேசப் பேச மாணவர்கள் தூங்குவதாகவும் சொன்னார். அவள் மேஜையிலிருந்த துணியை ஒதுக்கி நாற்காலியைத் தள்ளினாள். அவர் உட்காரவில்லை.

"உங்கமேல ரொம்பக் கோவமா இருந்தேன் மேடம். உள்ளதச் சொல்லணும்ல."

"இருக்கத்தான் செய்யும்."

அவர் ஒரு நூல்கண்டை எடுத்து உருட்டினார். "ஒண்ணு கேக்கணும். சின்ன வயசுலேர்ந்து வருது எனக்கு. முழிச்சா எல்லாரும் சுத்தி நிப்பாங்க. என்னாச்சுன்னு கேட்டா, ஒண்ணுமில்ல மயங்கிட்டன்னுதான் அக்கா சொல்லும். அம்மாவும் அதத்தான் சொன்னாங்க. வலிப்புன்னு தெரியும், ஆனா அப்ப எனக்கு என்ன நடக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களே, அப்ப எதுவும் மண்டையில ஏறல. எனக்குச் சொல்றீங்களா?"

அவள் தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுத்தாள். பெரிய கூடத்துக்கான திரை பாதி தைத்தபடி தரையில் வழிந்து கிடந்தது. தொடக்கத்திலிருந்து சொன்னாள். டாக்டரிடம் சொல்லாததையும் சொன்னாள்: அவர் செத்துவிட்டார் என்று நினைத்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் "ம்" போட்டது, விரல் அசைந்தபோது சந்தோஷப்பட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று ஒருமுறை மட்டும் கேட்டார்.

"உங்க குரல் மாதிரி இல்ல" என்றாள்.

"பயந்துட்டீங்களா?"

"ரொம்ப."

அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்திருந்தது. இப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மழை விடும்வரை இருக்கலாமா என்று கேட்டார். இருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் தைக்கத் தொடங்கினாள். திரையின் மறுமுனை தரையில் அழுக்காகாமல், அவர் அதை அள்ளித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.